நான் பார்த்த மின்னல்

நீங்களே சொல்லுங்க, இடி இடித்து மழை இறங்குகிற நேரத்தில் எந்தப் பொம்பளையாவது கொடியில் பிள்ளைத் துணியை விட்டுவைப்பாளா? நான் விடமாட்டேன். அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும், முதல் தூறல் விழுமுன்னே நாலே தாவில் மாடிக்கு ஏறி, கிளிப்பைக்கூடக் கழற்றாமல் அத்தனையையும் உருவிக்கொண்டு இறங்கிவிடுவேன். கிளிப்புகள் படியெல்லாம் சிதறும், அதைப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம். "துணி எடுக்கப் போட்டி வச்சா நீதாம்ட்டி ஜில்லாவுக்கே முதல்" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்டவள் இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மாடியில், காலடியில் ஒரு வாளி ஈரத்துணி காத்துக் கிடக்க, கையை நைட்டியில் துடைத்துத் துடைத்து ஒரு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் கோயில் கோபுரம். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். தேரிக்காட்டைத் தாண்டி வருகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் ஊர் தெரியாது, பனைதான் தெரியும், பனைக்கு மேலே இந்தக் கோபுரம் தெரியும். போட்டோவில் வானம் மை கொட்டினாற்போல இருக்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு மின்னல், வெள்ளை வேர் மாதிரி கிளைகிளையாகப் பிரிந்து, உச்சிச் சிலுவையின் மேல் சரியாக இறங்குகிறது. வியாழக்கிழமை காலையில் பெண்கள் சங்க குரூப்பில் வந்தபோது நானும் நெஞ்சில் கை வைத்தேன். ஆனால் அன்றைக்குச் சிலுவையை மட்டும்தான் பார்த்தேன். ஊரே சிலுவையைத்தான் பார்த்தது. இடது ஓரத்தில், கீழே, நகத்தளவுக்கு மஞ்சளாக ஒன்று தொங்குவதை யார் பார்த்தார்கள்? இரண்டு விரலை வைத்து விரித்தால் அது ஒரு கவுன். இன்னும் விரித்தால் கவுனில் ஒரு பை, பையில் ஒரு வாத்து. அந்த வாத்தை நான்தான் தைத்தேன். மூக்கு கோணிப்போய்விட்டது, பிரித்துத் தைக்கப் பொறுமை இல்லாமல் அப்படியே விட்டேன். கோணல் மூக்கு வாத்து. என் மகள் நிஸிக்கு ஒரு வயதில் போட்ட கவுன். இப்போது அவளுக்கு இரண்டரை. இந்தா, பக்கத்தில் உட்கார்ந்து கிளிப்புகளை வரிசை வைக்கிறாள், "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு" என்று. அந்தக் கவுன் என் தங்கச்சி பிள்ளைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. போன புதன்கிழமை இடிக்கு அது எப்படி என் கொடியில் தொங்கும்?

பார்க்காமலே இருந்திருக்கலாம். தங்கபுஷ்பம் அக்கா வந்து கூப்பிடாமல் இருந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். கால் மணி நேரம் முன்னால் கீழே சந்தில் நின்று, கையை நெற்றிக்குக் கொடுத்து அண்ணாந்து, "ஏட்டி பியூலா, துணி காயப்போடுதியா?" என்றாள். காயப்போடுகிறவளைப் பார்த்தே காயப்போடுகிறாயா என்று கேட்டால் வேறு ஏதோ கேட்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "ஆமாக்கா, மேல வாங்களேன், காப்பி போடுதேன்" என்றேன். "காப்பியெல்லாம் தொண்டைல இறங்காது. பதினோரு மணிக்குக் கமிட்டி கூடுதுல்லா. நீயும் வரணுமாம், நேர்ல பாத்தவள்னு பாஸ்டரையாவே உன் பேரச் சொல்லிட்டாக. உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன்ட்டி. நல்லா நெனச்சுப் பாரு. அது பாதில துள்ளுச்சா, இல்ல அடிவர எறங்குச்சா. எனக்காக ஒண்ணும் கூட்டியும் சொல்லாண்டாம், கொறச்சும் சொல்லாண்டாம். நீ பாத்ததப் பாத்தபடி சொன்னா போதும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கடைசிச் சொல் இன்னும் மாடியிலேயே நிற்கிறது, துணிக்கு நடுவில். பார்த்ததைப் பார்த்தபடி. அதை ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் போட்டோவை எடுத்தேன். இதைக் கேட்டு யாராவது சிரிக்கலாம். நேரில் பார்த்தவளுக்கு, தான் பார்த்தது என்ன என்று தெரிந்துகொள்ள போட்டோ வேண்டியிருக்கிறது. நானே ஒருவாட்டி சிரித்துவிட்டேன். வாய்தான் சிரித்தது, காது இரண்டும் சுட்டன. தங்கபுஷ்பம் அக்கா எங்கள் கோயில்குட்டி. மணி அடிப்பது, கூட்டுவது, பாய் விரிப்பது, மைக் போடுவது எல்லாம் அவள்தான். அவள் புருஷன் பார்த்த வேலை, அவர் போனபிறகு இவளுக்கு வந்தது. வேலையோடு சேர்ந்ததுதான் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஓட்டறையும். அதில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளை வைத்துக்கொண்டு இருக்கிறாள். கோபுர உச்சியில் இருக்கிற இடிதாங்கியில் இருந்து ஒரு செம்புப் பட்டை சுவரோடு இறங்கி, அடியில் ஒரு குழிக்குள் போகிறது. எங்கள் பக்கம் செம்மண் தேரி, வெயில் காலத்தில் மண் சுண்டி வறண்டுவிடும், வறண்டால் மின்னலை மண் வாங்காதாம். அதனால் சனிக்கிழமைதோறும் இரண்டு வாளி தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து அந்தக் குழியில் ஊற்ற வேண்டும். அதுவும் அவள் வேலைதான். ஊற்றவில்லை, குழி காய்ந்து கிடந்தது, அதனால்தான் மின்னல் மண்ணுக்குப் போகாமல் வீடுகளுக்குள் பாய்ந்து மூன்று வீட்டு டிவி போச்சு என்று இப்போது பேச்சு. அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டு வேறு ஆள் போடத்தான் இன்றைக்குக் கமிட்டி. இந்தப் பேச்சுக்கு வேர் எது தெரியுமா? போட்டோ இல்லை. போட்டோவில் மின்னல் சிலுவையோடு நிற்கிறது. பாதியில் துள்ளி வீட்டுப் பக்கம் போனதாக ஊரில் ஒரே ஒருத்திதான் சொன்னாள். அவள் இந்தா, ஒரு பாவாடையைப் பிழிந்ததையே மறுபடி பிழிந்துகொண்டு நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை, நேற்றுதான், நேற்று என்றே நம்ப முடியவில்லை, மூன்று மணிக்குப் பெண்கள் சங்கக் கூட்டம். பாட்டு, ஜெபம், அதற்குப் பிறகு சாட்சி நேரம். சாட்சி என்றால் கர்த்தர் அவரவருக்குச் செய்ததை எழுந்து மைக்கில் சொல்வது. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கதை இருக்கும். ஒருத்திக்குக் கிட்னிக் கல் கரைந்திருக்கும், ஒருத்தி மகனுக்கு விசா வந்திருக்கும். ஒருத்திக்குத் தொலைந்த கம்மல் நாற்பது நாள் உபவாசத்துக்குப் பிறகு அரைத்து வைத்த இட்லி மாவுக்குள் கிடந்தது, அதை மூன்று வெள்ளிக்கிழமை சொன்னாள், ஒவ்வொரு வாரமும் மாவு கொஞ்சம் புளித்துக்கொண்டே வந்தது. எனக்கு ஒன்றும் கிடையாது. எனக்குக் கல்லும் இல்லை, கம்மலும் தொலையாது. "இம்மட்டும் நடத்தின கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, எழுந்த வேகத்தில் உட்காருவேன். செயலாளர் ஜாய்ஸ் டீச்சர் ஒருநாள் எல்லார் முன்னாலும், "பியூலா சாட்சி ரேஷன் சீனி மாதிரி, உள்ளங்கைக்குள்ள அடங்கிரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சத்தமாகச் சிரித்தேன், எப்போதும் சிரிக்கிறவள் என்று எனக்கொரு பெயர் இருக்கிறதே. வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது மட்டும் ஒரு சின்ன முள், என் வாழ்க்கையில் சொல்லும்படியாக ஒன்றுமே நடக்காதா என்று. புருஷன் லோடு ஏற்றிக்கொண்டு கொல்லம் போகிறார், வருகிறார், பிள்ளைக்குச் சளி பிடிக்கிறது, விடுகிறது, இதையெல்லாம் யார் மைக்கில் சொல்வது. நேற்று கூட்டம் முழுக்க அந்தப் போட்டோப் பேச்சு. ஜாய்ஸ் டீச்சர், "பியூலா, உன் வீடு கோயிலுக்கு நேர் எதிர்ல, நீ ஒண்ணும் பாக்கலையாம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். மைக் என் கைக்கு வந்துவிட்டது. எங்கள் மைக்கின் தலையில் ஒரு சிவப்புப் பஞ்சு உண்டு, அதில் எப்போதும் யாரோ ஒருத்தர் வெற்றிலை வாடை இருக்கும். அந்த வாடை மூக்கில் ஏறுகிறபோதே என் வாய் பேச ஆரம்பித்துவிட்டது. "புதன்கிழமை சாயந்தரம் நான் மாடில துணி எடுத்துக்கிட்டு நின்னேன், பிள்ள இடுப்புல. கண்ணு முன்னால வானம் கிழிஞ்சுது. சிலுவைல நெருப்பு எறங்கி, கோபுரத்தச் சுத்தி, பாதிவர வந்து ஒரு துள்ளு துள்ளி வீட்டுப் பக்கம் போச்சு. என்னையும் பிள்ளையையும் கர்த்தர் மறச்சுக்கிட்டாரு." துள்ளு துள்ளி என்பதை ஏன் சேர்த்தேன்? யாரும் கேட்கவில்லை. குழம்பு கொதித்து இறக்கிய பிறகும் கறிவேப்பிலை கிள்ளிப் போடுகிற கை, அது பழக்கம். அத்தனை பேரும் ஒரே மூச்சாக "ஸ்தோத்திரம்!" என்றார்கள். அந்தச் சத்தம் என் முதுகுத்தண்டில் இறங்கிய இனிப்பை என்ன சொல்ல. இரண்டு நிமிஷம் நான் பெரிய ஆள். பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது படவில்லை, அதுதான் வேடிக்கை. போட்டோ இருக்கிறது, இடி விழுந்தது உண்மைதானே, நடந்த ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்வதில் என்ன வந்தது, என் கண் மட்டும்தானே அங்கே இல்லை, என்று ஏதோ ஒரு கணக்கு. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "அப்போ எர்த்துக் குழி காஞ்சில்லா கெடந்திருக்கு. அதான் துள்ளிருக்கு. இவ உப்புத் தண்ணி ஊத்துதாளா என்ன?" ஜாய்ஸ் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, தெரியாது என்றா, எனக்கே தெரியாது. ஆனால் தலை ஆடியது. மைக்கும் ஆம்ப்ளிபயரும் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் அக்கா அதையெல்லாம் கேட்டாள். அவள் மட்டுமா, கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. பேசி முடித்ததும் எழுந்து வந்து என் கையில் இருந்து மைக்கை வாங்கி, சுவிட்சை அணைத்து, வயரைச் சுற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிஸி ஒரு கிளிப்பைக் காதில் மாட்டிவிட்டு அழப் பார்க்கிறாள். "அய்யோ, கம்மல் போட்டாச்சா என் ராணிக்கு" என்று கழற்றினேன், சிரித்துவிட்டாள். நான் சொன்னால் எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள். சரி, பார்த்ததைப் பார்த்தபடி. புதன்கிழமை நான் என்ன பார்த்தேன்? துணியை நாலரை மணிக்கே எடுத்துவிட்டேன். முதல் உறுமலுக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழ இடம் இருக்கிறதே, பழைய சூட்கேஸை இழுத்தால் ஒரு ஆள் குந்தலாம், அங்கே குந்திவிட்டேன். தலையணையை எடுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டேன். இடி என்றால் எனக்குச் சின்னதிலிருந்தே அப்படி. ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் இடி இடித்தபோது பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன், எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். சார் மட்டும் கத்தவில்லை, "வெளிச்சம் வந்ததும் எண்ண ஆரம்பி, சத்தம் வர்ற வர எண்ணு. மூணு எண்ணினா ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கிட்டிருந்தா பயப்பட நேரம் இருக்காது" என்றார். அதிலிருந்து எண்ணுவேன். அன்றைக்கும் எண்ணினேன். நிஸியும் கூட எண்ணினாள், அவளுக்கு அது விளையாட்டு. ஏழெட்டு இடி இடித்திருக்கும், எல்லாவற்றிலும் பெரியது, கரண்டைக் கொண்டுபோனது, ஒன்றே ஒன்றுதான். அதற்குக் கண்ணை இறுக்கி மூடியிருந்தும் இமைக்குள் சிவந்தது, உள்ளங்கையை டார்ச்சு மேல் வைத்தால் சிவக்குமே, அந்தச் சிவப்பு. ஒன்று, இரண்டு, நிஸியின் மூச்சு என் கழுத்தில், ஐந்து, ஆறு, ஒன்பது. ஒன்பதில்தான் சத்தம் வந்தது. ஒன்பது என்றால் மூன்று கிலோமீட்டர். என் மாடியில் இருந்து கோபுரம் நாற்பது எட்டு வைக்கிற தூரம். நாற்பது எட்டில் விழுந்த இடிக்கு யாராவது ஒன்பது எண்ணுவார்களா? ஒன்று என்று வாயைத் திறக்குமுன் கூரை அதிர்ந்திருக்கும். மறுநாள் காலையில் பால்காரர்கூடச் சொன்னார், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பனை தலை கருகி நிற்குதென்று. மூன்று கிலோமீட்டர்தான் ஓடை. டிவி போனது, போன கரண்டு திரும்பி வந்த வேகத்தில் போனது. எல்லாம் என் கையிலேயே இருந்திருக்கிறது. எண்ணியவள் நான், பாலை வாங்கியவள் நான். வியாழக்கிழமை போட்டோ வந்ததும் ஒன்பதும் போய்விட்டது, பனையும் போய்விட்டது. படத்தைப் பார்த்த கண், தான் எண்ணின எண்ணிக்கையை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்தபோது நான் மாடியில் நிற்பது எனக்கே தெரிந்தது, காற்றில் நைட்டி படபடப்பதுகூட. இப்போதும் நினைத்தால் அந்தத் துள்ளல் கண்ணில் தெரிகிறது. நடக்காத ஒன்று இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, நடந்தது வெறும் சிவப்பு.

ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று, கடைசி ஆசை, திருப்பூரில் இருக்கிற என் கொழுந்தன் ரெக்ஸுக்குப் போன் போட்டேன். ஏனென்றால் அந்தக் கவுன் தொங்குகிற போட்டோவை எடுத்தவள் நான். முந்தின வருஷம் ஐப்பசியில், மழை வருமுன்னே, கோபுரத்துக்குப் பின்னால் மேகம் யானைக் கூட்டம் மாதிரி திரண்டு நின்றது. அழகாக இருக்கிறதே என்று ஒன்று எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, அப்புறம்தான் துணியை உருவினேன். அதைப் பார்த்து எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கியவன் அவன் ஒருத்தன்தான். "தம்பி, கோபுரத்துல மின்னல் விழுற மாதிரி ஒரு போட்டோ சுத்துது…" என்றதுமே அந்தப் பக்கம் சிரிப்பு. "நம்மூருக்கும் வந்துட்டா மதினி? நல்லாருக்குல்ல? சும்மா ஒரு ஆப்புல போட்டது. ஒங்க மேகத்தக் கொஞ்சம் இருட்டாக்கி, மேல மின்னல ஒட்ட வேண்டியதுதான், ரெண்டு நிமிஷ வேல. புதன்கிழம ஊர்ல செம இடின்னு அண்ணன் சொன்னான், அதான் பயலுவ குரூப்புல வெளையாட்டுக்குப் போட்டேன். கீழ 'எடிட்டு, பயப்படாதிய'ன்னு எழுதிக்கூட இருந்தேனே." "அத யாரோ வெட்டிட்டாங்க தம்பி." "வெட்டுவானுவ. ஏன் மதினி, கொரல் ஒரு மாதிரி இருக்கு? ஏதும் பிரச்சனையா? நான் வேணா குரூப்புல போட்டுருதேன், நான்தான் செஞ்சேன்னு." போடு தம்பி என்று சொல்ல வாய் வந்தது. அவன் போட்டால் போட்டோ பொய் என்று ஆகிவிடும். அதற்கு அவன் ஆள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வான், அவனுக்கு வெட்கமே இல்லை, ஏனென்றால் அவன் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அதற்கு அடுத்த நொடி ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கும். போட்டோ பொய் என்றால், அப்போது பியூலா பார்த்தது? "ஒண்ணுமில்ல தம்பி, சாப்டாச்சா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகும் திரையில் அந்த மின்னல். இப்போது பார்த்தால் எவ்வளவு தெரிகிறது. இத்தனை வெளிச்சம் சிலுவையில் இறங்கினால் பக்கத்தில் தொங்குகிற கவுனில் ஒரு பக்கமாவது வெளுக்காதா? கவுன் சாவகாசமாக மாலை வெயிலில் தொங்குகிறது. வாத்துக்கூடக் கண் கூசவில்லை.

பத்தே கால். ஒரு துணிதான் போட்டிருக்கிறேன். வாளியில் மற்றதெல்லாம் ஊறிக்கொண்டு. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சீ, பிள்ளை மேல் சொல்வதா. எனக்குக் காய்ச்சல். நான் போகாவிட்டால்? நேற்றுச் சொன்னதே போதும் என்று முடித்துவிடுவார்கள். சரி, போய், "அடிவரைக்கும் இறங்கிச்சு, துள்ளல, நான் பயத்துல தப்பாச் சொல்லிட்டேன்" என்றால்? அக்காவும் பிழைப்பாள், நானும் பார்த்தவளாகவே இருப்பேன். இது நல்ல வழி, ரொம்ப நல்ல வழி என்று ஒரு நிமிஷம் மனசு குதித்தது. ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டேன், இன்னொன்றையும் போட்டேன், பிரச்சனை தீர்ந்த மாதிரி. மூன்றாவதை உதறும்போது தோன்றியது, பொய்யைக் கழற்றவில்லை, திருப்பித்தான் போட்டுக்கொள்கிறேன், தையல் உள்ளே போகும்படி. ரெக்ஸ் நாளைக்கே யாரிடமாவது சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால்? அதுவும் பயம்தானே தவிர நல்ல புத்தி இல்லை. ஜாய்ஸ் டீச்சரிடம் தனியாகப் போய், காலில் விழாத குறையாகச் சொல்லிவிடலாம். டீச்சர் நல்லவர், பக்குவமாகப் பேசி முடிப்பார், "விசாரித்ததில் போட்டோ பொய்யாம்" என்று பொதுவாக. என் பெயர் வராது. ஞாயிறு பள்ளியில் வேதத்தின் பத்துக் கட்டளையை, பத்துக் கற்பனை என்போம், பார்க்காமல் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான். நீலக்கலர். அதில்தான் இன்றைக்கும் நிஸிக்குப் பிஸ்கட் வைக்கிறேன். ஒன்பதாவது எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. கீழே, கோபுரத்தின் அடியில், ஒரு வாளி சத்தம். எட்டிப் பார்த்தேன். தங்கபுஷ்பம் அக்கா. சேலையைத் தூக்கிச் செருகி, கல் உப்பை வாளியில் அள்ளிப் போட்டு, ஒரு கம்பால் கலக்கிக்கொண்டு இருக்கிறாள். சனிக்கிழமை. இன்றோடு வேலை போகப் போகிறது என்று தெரிந்தும் சனிக்கிழமைத் தண்ணீர். அப்படியே உட்கார்ந்துவிட்டேன் ஈரத்தரையில். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம். சனிக்கிழமைதோறும் இந்த நேரத்துக்கு நான் துணி போடுகிறேன், சனிக்கிழமைதோறும் அவள் அங்கே தண்ணீர் ஊற்றுகிறாள். இரண்டு வாளி, ஒருநாளும் ஒன்று குறைந்ததில்லை. மழை பெய்த மறுநாள்கூட ஊற்றுவாள், "ஏன்க்கா, நேத்துதான் ஊரே ஊறிட்டே" என்று மேலே இருந்து கத்துவேன், "வானம் அதும்பாட்டுக்கு ஊத்தும், நான் என்பாட்டுக்கு ஊத்துதேன்" என்பாள். இதை நான் பார்த்தேன். இரண்டு கண்ணாலும், பட்டப்பகலில், நாலு வருஷம். நேற்றுப் பின்வரிசைக் குரல், "ஊத்துதாளா என்ன" என்று கேட்டபோது, ஊரில் பதில் சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் கையில்தான் மைக்கும் இருந்தது. பார்க்காததை வாய் நிறையச் சொன்னவள், பார்த்ததைச் சொல்லவில்லை. அந்த ஸ்தோத்திரச் சத்தம் கலைந்துவிடக் கூடாதே என்று.

வாளியை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, துண்டை மேலே போட்டுக்கொண்டு இறங்கினேன். நாற்பது எட்டு. எண்ணிக்கொண்டே போனால் பயப்பட நேரம் இருக்காது என்றார் சார். அது இடிக்குத்தான் போல. செருப்புப் போட மறந்துவிட்டேன், தேரி மண் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. அக்கா இரண்டாவது வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். குழி கடகடவென்று குடித்தது. "என்னட்டி, பதினொண்ணுக்குத்தான கூப்பிட்டாக, அதுக்குள்ள வந்துட்ட?" என்றவள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்தாள். "அக்கா, அது துள்ளலக்கா." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடலாமா என்று தோன்றியது. "அப்ப அடிவர எறங்குச்சா? பட்ட வழியாவா?" "இல்லக்கா. எறங்கவே இல்ல. கோபுரத்துல விழவே இல்ல. போட்டோ ரெக்ஸு வெளையாட்டுக்குச் செஞ்சது." "அப்ப நீ பாத்தது?" "நான் பாக்கலக்கா." "மாடில நின்னேன்னு சொன்ன?" "பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல இருந்தேன். மொகத்துல தலகாணி." சொல்லிவிட்டேன். நிஸி என் கழுத்துச் செயினை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் குழியின் சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்து, உப்புக்கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, குழியைப் பார்த்து, "நேத்துலேருந்து என்ன யோசிச்சேன் தெரியுமாட்டி? ஊரு சொல்லுதத விடு. நீ நேர்ல பாத்தேன்னு சொன்னபெறவு எனக்கே சந்தேகம் வந்துட்டு. போன சனிக்கெழம உப்பு ரெண்டு கை போட்டனா, ஒரு கைதான் போட்டனா. மகளுக்கு வயித்துவலின்னு அவசரமா ஊத்திட்டுப் போனேனே, அன்னிக்கிக் கொறஞ்சிட்டோ. மூணு வீட்டு டிவியோட போச்சு, ஒரு உசுரு போயிருந்தா என்ன செய்வேன்னு… நானே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவமான்னுகூட நெனச்சேன்." என் பொய் அவள் ஊற்றின தண்ணீரையே அவளிடமிருந்து பிடுங்கியிருக்கிறது. "நான் போய் ஜாய்ஸ் டீச்சர்ட்ட தனியாச் சொல்லிருதேன்க்கா. இப்பவே. டீச்சர் கமிட்டில எடுத்துச் சொல்லிருவாங்க" என்றேன். அது என் வாயில் இருந்து வரும்போதே சின்னதாக இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்போல. அக்கா தலையைத் தூக்கினாள். கோபம் இல்லை. மேலே கோபுரத்தில் இருந்த குழாய்களைப் பார்த்தாள், நாலு பக்கமும் ஒவ்வொன்று, நேற்று என் குரலை ஊர் முழுக்கக் கொண்டுபோனவை. எழுந்து, இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கி விட்டு, சாவிக்கொத்தில் கோயில் சாவியைத் தேடி எடுத்தாள். நிஸியின் கன்னத்தை ஒருவாட்டி, உப்புப் படாமல் புறங்கையால் தொட்டாள்.

"தனியா வேண்டாம்ட்டி. நான் போய் மைக்கப் போட்டு வைக்கேன். நேத்துச் சொன்ன அதே மைக்குல, அதே சத்தத்துல சொல்லு, தாயி."